திருகோணமலையின் வெக்கையை அளப்பதும் மரநிழலின் பயனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயர்தர மாணவர்களின் செயற்றிட்டங்களுக்கு உதவும்போதும், அயலில் மரம் தறிக்கிற பேச்சு எழும்போதும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். நகர வெப்பத்தீவு என்பது என்ன, அதைத் திருகோணமலை போன்ற கடலோர ஊரில் எப்படி அளப்பது, மரமும் பச்சை வெளியும் எவ்வளவு குளிர்விக்கும் என்பவைதான் விஷயம். அளவிடும் முறை பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளம். அங்கே அவசரப்பட்டால் பிறகு போடுகிற கணக்கெல்லாம் பிழையாகிவிடும்.

நகர வெப்பத்தீவு என்றால் என்ன?

ஒரே நேரத்தில் நகரின் நடுவே உள்ள வளி, சுற்றியுள்ள திறந்த வெளிகளின் வளியைவிடச் சூடாக இருப்பதைத்தான் அப்படிச் சொல்கிறோம். இலண்டனில் லூக் ஹவார்ட் என்பவர் நகருக்குள்ளும் வெளியிலும் எடுத்த அளவீடுகளை ஒப்பிட்டு 1818இல் இதை எழுதினார். வித்தியாசம் பகலைவிட இரவில்தான் பெரிது என்று அவர் கண்டது இன்றைக்கும் பொருந்தும்.

காரணங்கள் சிக்கலானவை அல்ல. கொங்கிறீற்றும் காபெற் வீதியும் மதில்களும் பகல் வெயிலை உள்ளே வாங்கி வைத்து இரவில் மெல்ல மெல்ல விடுகின்றன. இரு பக்கமும் மாடிக் கட்டடங்கள் நெருங்கி நிற்கும் தெருவில் வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். அதனால் அந்த வெப்பம் மேலே தப்பிப்போக வழி குறைவு. மண்ணை மூடிவிட்டபடியால் ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோவதும் நின்றுவிடுகிறது. வாகனமும் ஏசியும் தங்கள் பங்குக்கு வெப்பத்தைக் கொட்டுகின்றன. ஏசி அறைக்குள்ளிருந்து எடுத்த வெப்பத்தோடு, தான் செலவழித்த மின்சாரத்தையும் வெப்பமாகவே வெளியே தள்ளுகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

மூன்று பக்கமும் கடல் இருக்கும் ஊருக்கு இது பொருந்துமா?

பொருந்தும், ஆனால் வேறு விதமாக. திருகோணமலை நகரம் உட்துறைமுகத்துக்கும் டச்சு விரிகுடாவுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் நிலம். கடற்காற்று எழும் பிற்பகலில் கடற்கரை வீதி சுகமாக இருக்கும். அதே நேரம் சில நூறு மீற்றர் உள்ளே, கடைத்தெருவில், காற்றே தெரியாது. கடைவரிசைகள் காற்றை மறித்துவிடுகின்றன. ஆகவே இங்கே வெக்கைக்குக் கட்டடம் எவ்வளவு காரணமோ, தடைப்பட்ட காற்றும் அவ்வளவு காரணம்.

கச்சான் காலத்துச் சூடும் வெப்பத்தீவும் ஒன்றா?

இல்லை. மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மழையை மேற்கிலும் மலைநாட்டிலும் கொட்டிவிட்டு, மலை தாண்டி இறங்கும்போது வறண்டு சூடேறி நம்மிடம் வருகிறது. அதுதான் கச்சான். மே, ஜூன், ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் பகல் உச்ச வெப்பநிலை சராசரியாக 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை போவதற்கு அதுவே முதற்காரணம். தரைப்பக்கமிருந்து அது பலமாக அடிக்கும் நாட்களில் கடற்காற்று உள்ளே வரவும் தாமதிக்கும்.

கச்சான் நகரத்துக்கும் காட்டுக்கும் பொதுவானது. வெப்பத்தீவு அதற்கு மேலே நகரம் தானாகச் சேர்க்கும் பங்கு. ஏப்ரல் 5 முதல் 15 வரை இலங்கைக்கு நேர் மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கும் சூடும் அப்படியே, எல்லோருக்கும் பொது. கச்சானை நம்மால் நிறுத்த முடியாது. நகரம் சேர்க்கும் பங்கைக் குறைக்க முடியும் என்பதால்தான் அதைத் தனியாகப் பிரித்து அளக்கப் பாடுபடுகிறோம்.

கன்னியா வெந்நீரூற்று இருப்பதால்தான் நம் ஊர் சூடு என்கிறார்களே?

கன்னியாவின் ஏழு கிணறுகளும் நிலத்தடி நீர் ஆழத்தில் சூடாகி மேலே வருவதால் உண்டானவை. நகர வெக்கைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பூமியின் உள்ளிருந்து ஒரு சதுர மீற்றருக்கு வரும் வெப்பம் சராசரியாக 0.1 வாற்றுக்கும் குறைவு. உச்சிவெயில் அதே சதுர மீற்றரில் கொட்டுவது ஏறக்குறைய 1000 வாற்று.

செய்மதிப் படத்தை வைத்தே அளந்துவிடலாமா?

பாதி வேலைக்கு உதவும். லான்ட்சாட் 8 (2013இல் ஏவப்பட்டது), லான்ட்சாட் 9 (2021இல் ஏவப்பட்டது) ஆகிய இரண்டு செய்மதிகளும் சேர்ந்து 8 நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. தரவு இலவசம். வெப்பநிலையாகக் கணித்து வெளியிடப்படும் இரண்டாம் மட்டப் படத்தை இறக்கினால், ஒவ்வொரு படப்புள்ளியின் எண்ணையும் 0.00341802 ஆல் பெருக்கி 149ஐக் கூட்டக் கெல்வின் கிடைக்கும். அதிலிருந்து 273.15ஐக் கழித்தால் செல்சியஸ். ஒரு மாணவர் ஒரு பிற்பகலில் செய்துவிடக்கூடிய வேலை இது.

ஆனால் நான்கு விஷயங்களை மறக்கக் கூடாது.

முதலாவது, அது காட்டுவது கூரையினதும் வீதியினதும் இலையினதும் மேற்பரப்பு வெப்பநிலை. நாம் மூச்சுவிடும் வளியின் வெப்பநிலை வேறு. உச்சிவெயிலில் காபெற் வீதி 60 பாகையைத் தொடும்போதும் அதற்கு மேலே உள்ள வளி 34, 35 பாகையில்தான் இருக்கும்.

இரண்டாவது, லான்ட்சாட் கடந்துபோவது காலை 10 மணியளவில். வெப்பத்தீவு பெரிதாகும் இரவைப் பற்றி அது பெரிதாக ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது நமக்கே உரிய சிக்கல். வெப்ப உணரியின் உண்மையான படப்புள்ளி 100 மீற்றர் அகலம்; 30 மீற்றராகப் பிரித்துத் தருகிறார்களே தவிர விவரம் கூடுவதில்லை. கரையோரப் புள்ளியில் பாதி கடலும் பாதி வீதியுமாகக் கலந்து, இல்லாத குளிர்ச்சியைக் காட்டும். கரையிலிருந்து 100, 150 மீற்றருக்குள் உள்ள புள்ளிகளை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இரவிலும் படமெடுக்கும் மோடிஸ் உணரியின் புள்ளி ஒரு கிலோமீற்றர். அதில் நம் நகரமும் கடலும் ஒரே புள்ளிக்குள் கலந்துவிடும்.

நான்காவதுதான் அதிகம் பேரைக் குழப்புவது. ஓகஸ்ட், செப்ரெம்பர் படத்தில் தம்பலகாமத்து வயல்கள் நகரத்தைவிடச் சிவப்பாகத் தெரியலாம். சிறுபோகம் அறுத்த பிறகு வெறும் அரிதாளும் காய்ந்த மண்ணும்தான் அங்கே மிச்சம். காலை வெயிலில் அவை சட்டென்று சூடேறும். பயிர் பச்சையாக நிற்கும் மாதப் படத்தில் அதே வயல் குளிர்ந்து தெரியும். முதற்படத்தை மட்டும் பார்த்தவர் திருகோணமலைக்கு வெப்பத்தீவே இல்லை என்பார். இரண்டாவதை மட்டும் பார்த்தவர் பயங்கரமாக இருக்கிறது என்பார். எந்த மாதம், வயலில் என்ன நின்றது என்று எழுதாத செய்மதி வரைபடத்தை நான் நம்பமாட்டேன்.

துவக்கு மாதிரியான அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டி அளந்தால் போதாதா?

அதுவும் மேற்பரப்பைத்தான் அளக்கும். கொங்கிறீற், தார், மண், இலை ஆகியவற்றுக்குச் சரியாக வேலைசெய்யும். மினுங்கும் தகரத்தில் நீட்டினால் ஏமாற்றிவிடும். அதன் காலற்றிறன், அதாவது வெப்பக் கதிரை வெளிவிடும் திறன், மிகக் குறைவு. கருவியோ 0.95 என்று வைத்துக்கொண்டு கணிக்கிறது. கை வைத்தால் சுடுகிற தகரத்துக்கு அது குளிர்ந்த எண்ணைக் காட்டும். தகரத்தில் ஒரு கறுப்பு இன்சுலேஷன் ரேப்பை ஒட்டி, அது சூடேறும்வரை பொறுத்து, ரேப்பின் மேலே அளந்தால் உண்மை தெரியும்.

அப்போ வளி வெப்பநிலையைச் சரியாக அளப்பது எப்படி?

இங்கேதான் பொறுமை வேண்டும். எஸ்.எச்.ரி. 31 போன்ற சிறிய உணரி 0.2, 0.3 பாகை துல்லியத்தில் வெப்பநிலையையும் ஈரப்பதனையும் தரும். பாடசாலைகளில் அதிகம் பாவிக்கும் டி.எச்.ரி. 22 இன் துல்லியம் 0.5 பாகை. நாம் தேடும் வித்தியாசமே ஒன்று, ஒன்றரைப் பாகைதான் என்பதால் முதலாவதை வாங்குவது நல்லது.

உணரியில் வெயில் படக் கூடாது, காற்று மட்டும் படவேண்டும். கடையில் வாங்கும் கவசம் விலை கூட. பூச்சாடிக்குக் கீழே வைக்கும் வெள்ளைப் பிளாஸ்ரிக் தட்டுகள் ஏழெட்டைக் கவிழ்த்து, மேல் தட்டைத் தவிர மற்றவற்றின் நடுவை வட்டமாக வெட்டி, மூன்று நீளத் திருகாணிக் கம்பிகளில் இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டுக் கோத்தால் அருமையான கவசம் ரெடி. உணரி நடுவில் தொங்கவேண்டும், தட்டில் முட்டக் கூடாது. உலக வளிமண்டலவியல் அமைப்பு சொல்லும் உயரம் 1.25 முதல் 2 மீற்றர். சுவரில் ஆணி அடித்து மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். தனிக் கம்பம் வேண்டும்.

எல்லா உணரிகளையும் முதலில் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நான்கைந்து நாள் ஓடவிடுங்கள். ஒன்று மற்றவற்றைவிட எப்போதும் 0.4 கூடக் காட்டினால் அதைக் குறித்து வைத்துப் பிறகு கழிக்கவேண்டும். முடிவில் கருவிகளைக் கழற்றியதும் இதையே இன்னொரு முறை செய்யுங்கள். உப்புக்காற்றில் உணரி மாறிப்போவது சாதாரணம்.

கருவிகளை எங்கே வைப்பது?

நகரத்துக்கு மத்திய வீதி, கிராமத்துக்குக் கன்னியா என்று தெரிவு செய்வதுதான் வழக்கமான பிழை. கன்னியா உள்நாடு. கடற்காற்று அங்கே போய்ச்சேரும்போது களைத்துவிடும். அதனால் பகலில் கன்னியா நகரத்தைவிடச் சூடாகக் காட்டலாம். அந்த வித்தியாசத்தில் கடலின் பங்கு எது, கட்டடத்தின் பங்கு எது என்று யாராலும் பிரிக்க முடியாது.

சோடி சோடியாக வையுங்கள். கடலிலிருந்து ஒரே தூரம், ஏறக்குறைய ஒரே உயரம், ஒன்றில் கட்டடம், மற்றதில் மரம். கடைத்தெருவில் ஒன்று வைத்தால், கரையிலிருந்து அதேயளவு தள்ளி, வேம்பும் மாவும் நிற்கும் பழைய வளவு ஒன்றில் மற்றது. உவர்மலையில் வெறும் சீமெந்து முற்றத்தில் ஒன்று வைத்தால், அதே மேட்டில் மரத்தடியில் மற்றது. உப்புவெளியிலும் அப்படி ஒரு சோடி இருந்தால் நகருக்கு வெளியே என்ன நடக்கிறதென்றும் தெரியும். மூன்று சோடிகள் ஒழுங்காக ஒரு கச்சான் காலமும் ஒரு வாடைக் காலமும் ஓடினால், ஊர் முழுக்க ஒரு வாரம் தூவிய இருபது கருவிகளைவிட அது பெறுமதி.

பெட்றிக் கோட்டைக்குள் பெரிய மரங்கள் நிற்கின்றன, நல்ல இடம். ஆனால் உள்ளே இராணுவ முகாம் இருப்பதால் எழுத்தில் அனுமதி எடுக்கவேண்டும். கருவியையும் வயரையும் அங்கே திரியும் மான்கள் எட்டாத மாதிரி கட்டவேண்டும்.

கருவி ஒன்றுதான் இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?

சைக்கிள் இருந்தால் நிறையச் செய்யலாம். சூரியன் மறைந்து இரண்டு, மூன்று மணித்தியாலம் கழித்து, காற்றும் முகிலும் இல்லாத இரவில், கவசத்தோடு உணரியை முன்பக்கம் கட்டிக்கொண்டு புறப்படுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தில் தொடங்கி, கடைத்தெரு, கடற்கரை, மரவீதி என்று சுற்றித் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரவேண்டும். திரும்பி வருவது கட்டாயம். நீங்கள் சுற்றும் நேரத்தில் ஊரே குளிர்ந்துகொண்டிருக்கும். எடுத்துக்காட்டாக, புறப்படும்போது 30.2, ஒரு மணித்தியாலம் கழித்து அதே இடத்தில் 29.6 என்றால், இடையில் 0.6 பாகை தானாகக் குறைந்திருக்கிறது. அப்போ 30ஆவது நிமிட அளவீட்டோடு 0.3ஐக் கூட்டினால்தான் எல்லா இடங்களையும் ஒரே நேரத்தில் அளந்ததுபோல ஒப்பிடலாம்.

வேகத்தையும் கவனியுங்கள். உணரி புதிய வெப்பநிலைக்குப் பழக ஒரு நிமிடம் எடுக்குமென்றால், மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் நீங்கள் 250 மீற்றர் தாண்டியிருப்பீர்கள். மரவீதியின் குளிர்ச்சி வரைபடத்தில் அடுத்த சந்தியில் போய் விழும். முக்கியமான இடங்களில் இறங்கி இரண்டு நிமிடம் நில்லுங்கள்.

ஒரு பூங்கா உண்மையில் எவ்வளவு குளிர்விக்கும்?

பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து பவுலர் குழுவினர் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, பகலில் பூங்காவின் வளி கட்டடப் பகுதியைவிடச் சராசரியாக 0.94 பாகை குறைவு. "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். வளி வெப்பநிலையில் இவ்வளவுதான். ஐந்து பாகை, பத்துப் பாகை குளிரும் என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மேற்பரப்பு வெப்பநிலையை வளி வெப்பநிலை என்று சொல்லிவிடுகிறார்கள்.

எவ்வளவு தூரம் பரவும் என்றால், ஏறக்குறைய பூங்காவின் அகலமளவு. மெக்சிக்கோ நகரத்தின் சப்புல்தெபெக் என்ற மாபெரும் பூங்காவில் அளந்தபோது குளிர்ச்சி அதன் அகலமான இரண்டு கிலோமீற்றர் அளவுக்கு வெளியே எட்டியது. நம் ஊரில் அப்படி ஒரு பூங்காவுக்கு இடமில்லை. சிறு பச்சைத் துண்டுகளின் குளிர்ச்சி சில பத்து மீற்றரோடு முடிந்துவிடும். அதனால் ஒரே இடத்தில் பெரிதாக ஒன்று என்பதைவிட, ஒழுங்கைக்கு ஒழுங்கை, வளவுக்கு வளவு மரம் இருப்பதே நமக்குப் பயன். அமெரிக்காவின் மடிசன் நகரில் சைக்கிளில் உணரி பூட்டி அளந்த குழு 2019இல் வெளியிட்ட முடிவும் இதற்குத் துணை: ஒரு தெருத்தொகுதி அளவில் மரக்கூரை 40 வீதத்தைத் தாண்டும்போதுதான் பகல் குளிர்ச்சி வேகமாகக் கூடுகிறது.

அந்த ஒரு பாகைக்காகவா இவ்வளவு மரம்?

ஒரு பாகையை மட்டும் பார்த்தால் மரத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிடுவோம். உச்சிப்பொழுதில் வீதியில் நிற்பவரைச் சுடுவது வளி மட்டும் அல்ல. மேலேயிருந்து நேர்வெயில், கீழேயிருந்து வீதியின் அனல், பக்கத்திலிருந்து மதிலின் அனல் எல்லாம் சேர்ந்து உடலில் விழுகின்றன. முற்றிய வேப்பமரம் ஒன்று வெயிலின் பெரும்பகுதியை மேலேயே மறித்துவிடுகிறது, அதனால் கீழே நிலமும் சூடேறுவதில்லை. இந்தக் கதிர்வீச்சுச் சூட்டை அளக்க, கறுப்புப் பூசிய வெற்றுக் கோளத்துக்குள் வெப்பமானியை வைப்பார்கள். வெயிலில் ஒரு கோளம், நிழலில் ஒரு கோளம் வைத்துப் பாருங்கள். பக்கத்திலுள்ள வளி வெப்பமானிகள் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும்போதுகூடக் கோளங்கள் இரண்டும் பல பாகை வித்தியாசப்படும். கோளமும் காற்றுவேகமும் சேர்த்துக் கணிக்கும் சராசரிக் கதிர்வீச்சு வெப்பநிலை நிழலில் 20 பாகைக்கு மேலும் குறையலாம்.

ஓட்டோக்காரர் தரிப்பிடத்தை எங்கே வைக்கிறார், மான்கள் பகலில் எங்கே படுக்கின்றன, மீன் வண்டிக்காரர் எங்கே நிறுத்தி விற்கிறார் என்று பார்த்தால், எல்லாம் மரத்தடி. இவர்கள் யாரும் வளி வெப்பநிலையைப் பார்த்து இடம் பிடிக்கவில்லை. என்னைக் கேட்டால் திருகோணமலைக்கான அளவீடு எதிலும் நிழல்தான் முதலில் வரவேண்டும்.

மரம் நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கிறது என்று படித்தோமே?

அதுவும் உண்மை, தண்ணீர் இருக்கும்வரை. ஒரு லீற்றர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2.4 மெகாயூல் மறைவெப்பம் தேவை. மின்சாரக் கணக்கில் அது மூன்றில் இரண்டு அலகு. நாளுக்கு 100 லீற்றர் ஆவியுயிர்க்கும் பெரிய மரம் கிட்டத்தட்ட 67 அலகு வெப்பத்தை வளியிலிருந்து எடுக்கிறது.

ஆனால் ஜூலை, ஓகஸ்டில் மேல்மண் காய்ந்துவிட்டால் மரம் தன் நீரைக் காப்பாற்ற இலைவாய்களை மூடிக்கொள்ளும். ஆவியுயிர்ப்பு குறைந்துவிடும். நமக்குக் குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் மாதங்களும் அவைதான். நிழல் அப்போதும் நிற்கும். வேம்பு, புளி போன்று ஆழ வேரோடும் மரங்கள் இந்த வறட்சியிலும் இலையோடு நிற்பதால் இரண்டு வகையிலும் கைகொடுக்கின்றன.

பச்சை வெளி என்று மைதானத்தைக் காட்டுகிறார்கள். சரியா?

நீர் ஊற்றாத மைதானம் ஓகஸ்டில் பழுப்பு நிறம். நண்பகலில் அதன் மேற்பரப்பு வெறும் மண்ணைப்போலவே சுடும். இரவில் மட்டும் அதற்கு ஒரு நன்மை உண்டு. மேலே தடையில்லாமல் வானம் திறந்திருப்பதால் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அடர்ந்த மரக்கூரைக்குக் கீழே இரவில் வெப்பம் கொஞ்சம் தங்கத்தான் செய்யும். அதனால் மைதானத்தின் நடுவைத் திறந்தே விட்டு, ஓரங்களிலும் பார்வையாளர் பக்கத்திலும் மரம் வைப்பது நல்ல ஏற்பாடு.

மரம் கூடினால் புழுக்கமும் கூடாதா?

ஈரப்பதன் சற்றுக் கூடும். திறந்த தெருவில் காற்று அதைக் கலைத்துவிடும், நிழலின் இலாபம்தான் மிஞ்சும். கடற்காற்று வரும் திசைக்குக் குறுக்கே தாழ்ந்த கிளைகளோடு அடர்ந்த வேலிபோல மரம் வைத்தால்தான் புழுக்கம். தண்டு உயர்ந்து, மேலே குடை விரிக்கும் மரங்களை வையுங்கள், கீழே காற்று ஓடட்டும்.

எந்த மரம் நடலாம்? புயலில் விழாதா?

கரையோரத்தில் பூவரசும் புன்னையும் உப்புக்காற்றைத் தாங்கும். உள்ளே வேம்பு, புளி, இலுப்பை, மா. ஆலும் அரசும் கோயில் வெளிகளுக்கு நல்லவை, வீட்டுச் சுவரோரம் வேண்டாம்.

2020 டிசெம்பரில் புரவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்ததை யாரும் மறக்கவில்லை. பயம் நியாயமானது. ஆனால் வீதி அகலிக்கும்போதும் குழாய் புதைக்கும்போதும் ஒரு பக்க வேரை வெட்டிவிட்ட மரமும், தண்டைச் சுற்றி சீமெந்து இறுக்கிய மரமும்தான் முதலில் விழக்கூடியவை. வாடைக்கு முன்னர், செப்ரெம்பரிலேயே, உலர்ந்த கிளைகளை அளவாகக் கழித்துவிடலாம். மின்கம்பியில் முட்டுகிறதென்று உச்சியை மொட்டையாக வெட்டுவது மரத்தையும் கெடுக்கும், நிழலையும் கெடுக்கும்.

ஒரு பழைய மரத்தை வெட்டிவிட்டுப் பத்துக் கன்று வைத்தால் கணக்குச் சரிதானே?

சரியில்லை. குளிர்ச்சி, இலைப்பரப்பின் கணக்கு. பத்து மீற்றர் விட்டமுள்ள மரக்கூரை ஏறக்குறைய 78 சதுர மீற்றர் நிலத்தை மூடுகிறது. ஒரு மீற்றர் அகலக் கன்று மூடுவது 0.8 சதுர மீற்றர்கூட இல்லை. பத்துக் கன்றும் பிழைத்தாலும் பத்தில் ஒரு பங்குதான் ஈடாகும், அதுவும் முதல் இரண்டு கச்சானைத் தண்ணீரோடு தாண்டினால்தான். நடுகை விழாக்களுக்கு நான் எதிரி அல்ல. ஆனால் நிற்கிற மரத்தைக் காப்பதற்கு விழாவும் இல்லை, பதாகையும் இல்லை என்பதால் அந்த வேலையை யாரும் கையில் எடுப்பதில்லை. எனக்கு உண்மையான வருத்தம் அதில்தான்.

மரம் வைக்க இடமே இல்லாத வீட்டுக்கு?

கூரையை வெள்ளையாக்குங்கள். பாசி பிடித்துக் கறுத்த அஸ்பெஸ்டஸ் சீற் வெயிலின் பெரும்பகுதியை உறிஞ்சும். நல்ல வெள்ளைப் பூச்சு புதிதாக இருக்கும்போது 80 வீதம் வரை திருப்பிவிடும். பழைய சீற்றைச் சுரண்டவோ உலரத் தேய்க்கவோ வேண்டாம், அதன் தூசு நுரையீரலுக்கு ஆபத்து. முற்றத்துச் சீமெந்தில் ஒரு பகுதியை உடைத்து மண்ணைத் திறந்துவிட்டு ஒரு முருங்கையோ கறிவேப்பிலையோ வைத்தாலும் பயன் உண்டு.

அளந்த தரவை எப்படி எழுதி வைப்பது?

நாள், நேரம், இடம், கடலிலிருந்து தூரம், உணரியின் உயரம், அன்று அடித்த காற்று கச்சானா கடற்காற்றா வாடையா, முகில் எவ்வளவு, முதல்நாள் மழை பெய்ததா என்ற விவரங்கள் ஒவ்வொரு அளவீட்டோடும் இருக்கவேண்டும். நாட்சராசரி ஒன்றை மட்டும் போடாமல், பின்னேரம் 2 மணி வித்தியாசத்தையும் இரவு 9 மணி வித்தியாசத்தையும் தனித்தனியாகக் காட்டுங்கள். இரண்டும் வேறு வேறு கதை சொல்லும். கருவி வைத்த இடத்தின் நான்கு திசைகளையும், மேலே வானத்தையும் தொலைபேசியில் படமெடுத்து அதே கோப்பில் சேருங்கள். அடுத்த வருடம் அந்த வளவில் மரம் இல்லாமல் போனாலோ, பக்கத்தில் மாடி எழும்பினாலோ, எண்கள் ஏன் மாறின என்று விளங்க அந்தப் படங்கள்தான் உதவும்.